மாடனுக்கு நேராத முயல்

பங்களாவில் சீசனுக்குத் தங்கியிருந்த மதுரை வக்கீல் குடும்பத்தின் வண்டிகள் புறப்பட்டுப் போய்க் கால் மணி நேரம் ஆகியிருக்கும். பேச்சி என் அறை வாசலில் வந்து நின்றாள். இடுப்பில் ஒரு மரக்கூண்டு. கூண்டுக்குள் ஒரு வெள்ளை முயல்.

“இத விட்டுட்டுப் போயிட்டாவய்யா” என்றாள்.

“மறந்துட்டாவளோ?”

“மறக்கல. சமையக்கட்டுக்குப் பின்னால சாக்கப் போட்டு மூடி வச்சிருக்கு. பக்கத்துல ரெண்டு முட்டைக்கோசு. மறந்துட்டுப் போறவுக முட்டைக்கோசு வாங்கி வச்சுட்டா போவாவ?”

சில வருஷம் பத்திரிகை வேலை பார்த்தவன் நான். அந்த வாதத்தில் திருத்துவதற்கு ஒன்றும் இல்லை.

முயலைக் குனிந்து பார்த்தேன். சீமை முயல். சிவப்புக் கண். ஒரு முட்டைக்கோசில் பாதி ஏற்கெனவே காலி. மூக்கு மட்டும் ஓயாமல் அசைந்துகொண்டிருந்தது. வக்கீல் வீட்டுப் பிள்ளைகள் ஆடி மாதம் முழுவதும் அதைத் தோட்டத்தில் விட்டுத் துரத்திக்கொண்டிருந்தார்கள். ஏதோ இங்கிலீஷ் பெயர் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு மாதிரி கூப்பிட்டதால் அது கடைசிவரை எனக்குப் பிடிபடவில்லை.

பேச்சி அதைச் “சவமே” என்று கூப்பிட்டாள். எங்கள் பக்கத்தில் திட்டுவதற்கும் அந்தச் சொல்தான், கொஞ்சுவதற்கும் அதுதான்.

தலை கொடுக்கலாம், தோள் கொடுக்கலாம்

இந்தத் தொடரைப் படித்துவரும் ஒரு நண்பர், குற்றாலத்தில் எனக்கு என்ன வேலை இருந்தது என்று கேட்டிருந்தார். சொல்லிவிடுகிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் இரண்டு மூன்று வருஷம் நான் ஒரு சென்னைப் பத்திரிகைக்குச் சீசன் நிருபராக இருந்தேன். ஆனி, ஆடி, பாதி ஆவணி. தினம் காலையில் அருவியில் தண்ணீர் எப்படி என்று ஒரு தந்தி. அதைப் பார்த்துவிட்டு மதுரையிலும் சென்னையிலும் இருக்கிறவர்கள் மூட்டை கட்டலாமா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள்.

தண்ணீரை அளக்க என்னிடம் கருவி எதுவும் கிடையாது. சொள்ளமுத்து இருந்தான். பெரிய அருவிப் பக்கம் வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிற ஆள். முப்பது வயது. அவன் உள்ளங்கை ஒரு தாமரை இலை அளவு இருக்கும். விடிந்ததும் அவனைப் போய்ப் பார்ப்பேன்.

“இன்னைக்குத் தலை குடுக்க முடியாதுய்யா. தோள் குடுக்கலாம்” என்பான். அன்று வெள்ளம் பலம் என்று அர்த்தம். “தாராளமாத் தலை குடுக்கலாம்” என்றால் நிதானம். “கையக் குடுத்துட்டு வரலாம்” என்றால் அருவி வற்றுகிறது. மூன்றையும் நான் தந்தி பாஷையில் மாற்றி அனுப்புவேன். ஒரு தடவைகூடத் தவறு என்று யாரும் எழுதிக் கேட்டதில்லை.

எனக்குத் தென்காசியில் சொந்த வீடு உண்டு. ஆனால் மூன்று மைல் நடந்து வந்து அருவியைப் பார்த்துவிட்டுத் தந்தி அடிப்பது தினம் நடக்கிற காரியமில்லை. ஆகவே சீசனுக்கு மட்டும் ஒரு பங்களாவின் பின்கட்டில் ஓர் அறை எடுத்திருந்தேன். பங்களாக் காவலாளி மாடசாமி. அவன் பெண்சாதிதான் பேச்சி. நாற்பதை ஒட்டிய வயது. பங்களாவைச் சுற்றி வேலி போட்ட அந்த வளவில் கூட்டுவது, துடைப்பது, குரங்குகளோடு சண்டை போடுவது எல்லாம் அவள் பொறுப்பு.

முயல் வந்து சேர்ந்தபோது துணிகள் காயத் தொடங்கியிருந்தன. குற்றாலத்தில் துணி காய்ந்தால் சீசன் முடிந்தது என்று பொருள். பங்களாக்கள் ஒவ்வொன்றாகக் காலியாயின. என் வேலையும் முடிந்த மாதிரிதான்.

கூண்டை மட்டும்

வக்கீலுக்கு ஒரு கார்டு போட்டேன். முயல் பத்திரமாக இருக்கிறது, ஆள் வந்தால் கொடுத்தனுப்புகிறோம் என்று. ஆறாம் நாள் பதில் வந்தது. அச்சடித்த மாதிரிக் கையெழுத்து.

‘முயலைத் தங்கள் விருப்பம்போல் செய்துகொள்ளவும். கூண்டை மட்டும் ரயில் பார்சலில் அனுப்பிவைக்கவும்.’

பேச்சிக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டாம் தடவையும் வாசிக்கச் சொன்னாள்.

“கூண்டு மேல அம்புட்டு ஆசையா” என்றாள்.

கூண்டு மதுரைக்குப் போயிற்று. முயல் வளவில் திரிந்தது. அதை அங்கேயே வைத்துக்கொள்ளவும் வழியில்லை. பங்களாச் சொந்தக்காரர் திருநெல்வேலியில் இருந்தார். புரட்டாசி பிறந்ததும் அவருடைய ஏஜெண்டு வந்து, சாமான்களைச் சரிபார்த்து, அறைகளைப் பூட்டிக்கொண்டு போவார். முந்தின வருஷம் பேச்சி வளர்த்த ஆட்டுக்குட்டி அவருடைய குடைத் துணியைத் தின்றுவிட்டது. ‘இனி இந்த வளவில் நாலு கால் எதையாவது பார்த்தால், ரெண்டு கால் ரெண்டு பேரும் வெளியே’ என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அவர் அடுத்த தடவை வருவதற்குள் முயலுக்கு ஒரு வீடு வேண்டும்.

எனக்கு ஓய்வுதான். தேட ஆரம்பித்தேன்.

முதலில் தென்காசி ரயிலடிச் சாப்பாட்டுக் கடைக்காரர். வீட்டில் நிறையப் பிள்ளைகள், ஆசையாக வளர்ப்பார்கள் என்று நினைத்துப் போனேன். முழுவதும் கேட்டுவிட்டு, “எத்தன பேருக்குக் காணும்?” என்றார்.

அடுத்து ஒரு வைத்தியர். முயல் ரத்தத்தில் காய்ச்சிய தலைமுடி எண்ணெய்க்கு அவரிடம் நல்ல கிராக்கி. “ரத்தம் மட்டும் எனக்குப் போதும். மிச்சத்த நீங்களே வச்சுக்கிடுங்க” என்றார். பெருந்தன்மையாகச் சொன்னதாகத்தான் அவர் முகம் காட்டியது.

மூன்றாவதாகப் போனது பள்ளிக்கூடத்து டிராயிங் மாஸ்டர் வீட்டுக்கு. அவர் சந்தோஷப்பட்டார். “இருவது வருஷமா மொசலப் பாக்காமயே போர்டுல மொசல் போட்டுக் குடுக்கேன்” என்றார். ஆனால் அவர் மனைவி பிரசவத்துக்குத் தாய் வீடு போயிருந்தார். வீட்டில் இவர் ஒருவர். பகல் முழுவதும் பூட்டிக் கிடக்கும். “ஆவணி கடைசில வந்துருவா. அதுக்குப் பொறவு கொண்டாங்க” என்றார்.

வீடு கிடைத்துவிட்டது. நடுவில் மூன்று வாரம் முயல் உயிரோடு இருக்க வேண்டும். அவ்வளவுதான் பாக்கி.

மஞ்சள் கயிறு

அந்த மூன்று வாரம் லேசாகப் போகாது என்பது இரண்டே நாளில் தெரிந்தது. பக்கத்து பங்களாவில் வெள்ளையடிக்க ஆள் வந்திருந்தார்கள். அதில் ஒருவன் வேலிப் பக்கம் நின்று முயலை நெடுநேரம் பார்த்தான். மறுநாள் கையில் சாக்கோடு வளவுக்குள் வந்து நின்றான். பேச்சி விளக்குமாற்றோடு போனாள்.

“என்னத்தவே தேடுத?”

“சும்மா தண்ணி குடிக்க வந்தேன்.”

“சாக்குலயா குடிப்ப?”

அவன் போய்விட்டான். ஆனால் பேச்சி எல்லா நேரமும் விளக்குமாறும் கையுமாக நிற்க முடியாது. அவள் புருஷனும் முழுக்க நம்பத்தக்கவன் அல்ல. “வெள்ளக் கறியா செவப்புக் கறியான்னுதான் கேட்டேன். வெட்டுன்னா சொன்னேன்?” என்று அவன் அவளிடம் ஒருநாள் வாதாடிக்கொண்டிருந்ததை நானே கேட்டேன்.

யோசனை என்னுடையது. தென்காசிக் கடைத்தெருவில் கழுத்தில் மஞ்சள் கயிறு கட்டிய ஆட்டுக்கிடாக்கள் திரிவதை எல்லாரும் பார்த்திருக்கிறோம். சுடலைமாடனுக்கு நேர்ந்துவிட்டவை. காய்கறிக் கூடையில் வாய் வைத்தாலும் யாரும் அடிக்க மாட்டார்கள். ஒரு குச்சியால் தள்ளிவிடக்கூடத் தயங்குவார்கள். முயல் கழுத்தில் அப்படி ஒரு கயிறு இருந்தால் வெள்ளையடிக்கிறவனும் தொடமாட்டான், ஏஜெண்டு திடீரென்று வந்தால் அவரும் வாயைத் திறக்கமாட்டார்.

“கொடை அன்னைக்குக் கேப்பாவளே?” என்றாள் பேச்சி. அவர்கள் சுடலைமாடன் கோயிலில் பலி கொடுக்கிற திருவிழாவான கொடை, ஆவணிக் கடைசி வெள்ளிக்கிழமை வருவதாக இருந்தது.

“கிடா நேருவாவ. சேவல் நேருவாவ. மொசல யாராவது நேந்து கேட்டிருக்கியா?” என்றேன்.

“இல்ல.”

“அப்ப யாரு கேப்பா?”

சரியாகத்தான் தோன்றியது. கொடைக்கு வருகிற உருப்படிகளில் முயலுக்கு இடமில்லை. இடமில்லாத ஒன்றை யாரும் தேட மாட்டார்கள். கொடைக்குள் அது டிராயிங் மாஸ்டர் வீட்டுக்கும் போயிருக்கும். பேச்சி மஞ்சளை உரசி ஒரு நூலில் தடவி, முயல் கழுத்தில் கட்டினாள். கட்டும்போது வாய்க்குள் எதுவும் சொல்லவில்லை என்பதை நான் கவனித்தேன். நேர்ச்சை சொல்லாமல் கட்டினால் அது வெறும் நூல்தான் என்று அவள் கணக்கு.

சாயங்காலம் மாடசாமி பார்த்தான். “ஏட்டி, இது என்னது? எதுக்கு நேந்த?”

பேச்சிக்குச் சட்டென்று ஒன்றும் வரவில்லை. “உங்க முதுகுவலிக்குத்தான்” என்றாள்.

அவனுக்கு வருஷக் கணக்காக முதுகுவலி. அந்த வாரம்தான் சொள்ளமுத்துவும் சீசன் முடிந்த ஓய்வில் தினம் வந்து அவனுக்கு எண்ணெய் தேய்க்க ஆரம்பித்திருந்தான். எட்டாம் நாள் மாடசாமி நிமிர்ந்து நடந்தான். பார்க்கிறவர்களிடமெல்லாம் முதுகைக் காட்டி, “மாடன் கண்ணத் தொறந்துட்டான்” என்றான். எண்ணெயைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஆறு வரி

இதற்குமேல் நடந்ததற்கு நானும் ஒரு காரணம்.

சென்னையிலிருந்து செய்தி ஆசிரியர் எழுதியிருந்தார். சீசன் தந்தி இனி வேண்டாம், உள்ளூர் விசேஷம் ஏதாவது இருந்தால் தபாலில் அனுப்பவும் என்று. உள்ளூரில் விசேஷம் என்ன இருக்கிறது? வெள்ளையடிக்கிறார்கள். எதிரே முயல் அறுகம்புல் தின்றுகொண்டிருந்தது. ஆறு வரி எழுதிப் போட்டேன்.

‘குற்றாலத்தை அடுத்த ஒரு சுடலைமாடன் கோயில் கொடை இம்மாத இறுதியில் நடைபெறும். வெண்ணிறச் சீமை முயல் ஒன்று கழுத்தில் மஞ்சள் கயிற்றுடன் இவ்வூரில் நடமாடி வருகிறது. முயல் இவ்வாறு காணப்படுவது இப்பகுதியில் இதுவரை கேள்விப்படாதது.’

ஒவ்வொரு சொல்லாக எடுத்துப் பார்த்தால் தவறு கிடையாது. மொத்தமாகப் பார்த்தால் பொய். பத்திரிகைத் தொழிலில் இந்த வித்தை எனக்குத் தெரிந்துதான் இருந்தது. அன்று அதைச் செய்கிறேன் என்றுதான் தெரியவில்லை.

சென்னையில் அதற்கு ‘மாடனுக்கு முயல் நேர்ச்சை’ என்று தலைப்புக் கொடுத்தார்கள்.

பத்திரிகை வந்த அன்றே வேலாயுதம் அண்ணாச்சி வளவுக்கு வந்தார். பலசரக்குக் கடை வைத்திருந்தவர். கொடையை முன்னின்று நடத்துகிறவர். சட்டைப் பையில் செய்தியை மட்டும் கத்தரித்து மடித்து வைத்திருந்தார். தென்காசியில் முடிவெட்டுகிற கடையில் சத்தமாக வாசித்தார்களாம். இரண்டு தடவை.

“நம்ம கோயில் சங்கதி மெட்ராஸ் வரைக்கும் போயிருக்கு” என்றார். “பாவூர்சத்திரத்துலருந்து ஆள் வருதான். ஆய்க்குடியிலருந்து வருதான். எல்லாவனும் மொசலத்தான் கேக்கான். மதியக் கொடைக்கு மொத உருப்படி இதுதான். பெறவுதான் கிடா.”

மாடசாமி இரண்டு கையையும் கூப்பினான். பேச்சி உள்ளே போய்விட்டாள்.

அவர் போனதும் நான் தென்காசிக்கு நடந்தேன். டிராயிங் மாஸ்டர் வீட்டில் மனைவி குழந்தையோடு வந்திருந்தார். மாஸ்டர் என்னை வாசலிலேயே நிறுத்தினார்.

“பேப்பர்ல பாத்தேன். மாடன் மொசலாமே. பச்சப்புள்ள இருக்க வீடுய்யா. மன்னிச்சுக்கிடுங்க” என்றார். இருபது வருஷம் பார்க்காமல் போட்டதை இன்னும் இருபது வருஷம் அப்படியே போட்டுக்கொள்வதாகவும் சொன்னார்.

முயலைக் கறியிலிருந்து காப்பாற்றிய கயிறு, அதற்கு இருந்த ஒரே வீட்டையும் அடைத்துவிட்டது.

கொடைக்கு முந்தின நாள் காலை. பேச்சி முயலுக்கு அகத்திக்கீரை உருவிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

“செங்கோட்டைக்கு ரயில் இருக்கு. கொண்டுபோய் யார்கிட்டயாவது குடுத்துட்டு வாரேன்” என்றேன்.

“கயிறு கட்டினத ஊர் எல்ல தாண்டிக் கொண்டுபோனா உங்க கால் வெளங்குமா?” என்றாள். பிறகு, “நேரலன்னு சொன்னா மாடன் பேரச் சொல்லி ஊர ஏமாத்தினவ ஆவேன். அவுக முதுகும் போச்சுன்னு ஒக்காந்துருவாவ. சொல்லலன்னா இத வெட்டுவாவ. ரெண்டுல எதுய்யா லேசு?”

நான் ஒரு கீரைக் கொத்தை எடுத்து உருவ ஆரம்பித்தேன். அவள் உண்மையைச் சொன்னால் என் ஆறு வரியும் கூடவே போகும் என்கிற எண்ணமும் எனக்கு இருந்தது. அதை இங்கே மறைப்பதில் பயனில்லை.

மதியக் கொடை

சிற்றாற்றங்கரையில் பந்தல். ஓலைக் கீற்று இடைவெளி வழியாக வெயில் தரையில் காசு காசாக விழுந்திருந்தது. வில்லுப்பாட்டுக்காரர்கள் ஒரு பக்கம், நையாண்டி மேளம் ஒரு பக்கம். அரளி மாலை வாசனையும் கொதிக்கிற பொங்கல் வாசனையும் கலந்து வந்தன.

மாடனுக்கு ஆடுகிற சாமியாடி சொள்ளமுத்து. அவன் அப்பாவுக்குப் பிறகு அவனுக்கு வந்தது. சலங்கை கோத்த அரைக்கால் சல்லடம், தலையில் குல்லா, கையில் வல்லயம் என்கிற ஈட்டி. அருவிக்கரையில் தினம் பார்க்கிற ஆள்தான். ஆனால் மேளம் ஏறி அவன் கண் செருகிய பிறகு அந்த முகத்தில் எனக்குத் தெரிந்தவன் யாரும் இல்லை.

முயலைக் கொண்டுவந்து பீடத்துக்கு முன்னால் வாழையிலையில் வைத்தார்கள். கூட்டம் நெருக்கியது. எனக்குக் கொஞ்சம் தள்ளி வேலாயுதம் அண்ணாச்சி, வெளியூர்க்காரர்களுக்கு என்னைக் காட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்.

பலிக்கு ஒரு முறை உண்டு. உருப்படியின் தலையில் மஞ்சள் நீர் ஊற்றுவார்கள். அது உடம்பைச் சிலுப்பினால் சாமி ஏற்றுக்கொண்டது என்று பொருள். அதன்பிறகுதான் அரிவாள். கிடா தண்ணீர் பட்டதும் சிலுப்பும். சேவல் சிலுப்பும்.

ஒரு செம்பு ஊற்றினார்கள். முயல் காதை முதுகோடு ஒட்டிக்கொண்டு தரையோடு தரையாகப் படிந்தது. மூக்குகூட நின்றுவிட்டது.

இரண்டாவது செம்பு. ஈரத்தில் பாதி உருவமாகச் சுருங்கிப் போயிற்று. அசையவில்லை.

“மொசலுக்குச் சிலுப்பத் தெரியாதுவே” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

“கிடாவ எதுக்க நிறுத்திச் சொல்லிக் குடுங்கவே” என்றது இன்னொன்று. சிரித்தார்கள்.

“மூணாந்தட ஊத்து” என்றார் வேலாயுதம் அண்ணாச்சி. மூன்றாவது செம்பை நிரப்பினார்கள்.

பேச்சி பெண்கள் பக்கத்திலிருந்து வந்தாள். ஓடிவரவில்லை. தண்ணீர்க் குடம் எடுத்து நடக்கிற மாதிரி நிதானமாக நடந்து, செம்புக்கும் முயலுக்கும் நடுவில் நின்றாள்.

“சாமி, இத நான் உனக்கு நேரல” என்றாள். “கறிக்குப் பயந்து கயிறக் கட்டினேன். அவுக கேட்டப்ப முதுகுக்குன்னு பொய் சொன்னேன். என்னைய என்ன செய்யணுமோ செய்யி. இதுக்கு ஒண்ணும் தெரியாது.”

மேளம் ஒவ்வொன்றாக நின்றது. விஷயம் எட்டாத ஒரு தவில் மட்டும் கடைசியில் தனியாக நாலு அடி அடித்துவிட்டு ஓய்ந்தது. மாடசாமி வாயைத் திறந்தபடி, ஒரு கையை முதுகில் வைத்துக்கொண்டு நின்றான்.

வேலாயுதம் அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். “பேப்பர்ல போட்டியளே” என்றார்.

“கயிறு கட்டியிருந்ததுன்னுதான் போட்டேன்” என்றேன். என்னைச் சுற்றி இருந்த யாருக்கும் அந்த நுட்பம் பெரிதாகப் படவில்லை.

சாமி வல்லயத்தைக் கீழே போட்டது. குனிந்து இரண்டு கையாலும் முயலை எடுத்து நெஞ்சோடு வைத்தது. எவ்வளவு நேரம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கடிகாரம் இருந்தும் பார்க்கவில்லை.

“நேராதது எனக்கு வேண்டாம்” என்றது. குரல் கரகரத்தது. பேச்சியின் நெற்றியில் திருநீறு போட்டது. முயலை அவள் கையில் கொடுத்தது. “வெட்டப்படாது. கொண்டுபோ. நான் சொல்லுத வீட்டுல விடு.”

எந்த வீடு என்று கேட்க எல்லாரும் கழுத்தை நீட்டினோம். பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்து மேளக்காரர்கள் அந்த இடத்தில் வெளுத்து வாங்கினார்கள். சாமி சுற்றி ஆடத் தொடங்கிற்று. கிடாக்கள் வந்தன. ஆட்டம் முடிந்து சொள்ளமுத்து தரையில் சாய்ந்தபோது அவன் வாயிலிருந்து வேறு சொல் வரவில்லை.

சொல்லாத வீடு

பத்திரிகைக்கு ஒரு திருத்தம் எழுதி அனுப்பினேன். அவர்கள் போடவில்லை. முயல் வெட்டப்படாததில் செய்தி இல்லை என்று நினைத்திருப்பார்கள்.

மாடசாமிக்கு அன்று சாயங்காலமே முதுகுவலி திரும்ப வந்தது. பேச்சியிடம் அவன் பேசவில்லை.

மறுநாள் காலை வெயில் ஏறிய பிறகு சொள்ளமுத்து வந்தான். பழைய சொள்ளமுத்து. எண்ணெய் மணக்கிற துண்டு, தூங்கி எழுந்த முகம். பின்கட்டுப் படியில் உட்கார்ந்தான். முயல் கொல்லையில் காய்ந்த வாழைச்சருகை முகர்ந்துகொண்டிருந்தது. நாளை மறுநாள் ஏஜெண்டு வருகிறார்.

“மதினி, நேத்து நான் எந்த வீட்டச் சொன்னேன்?” என்றான். “ஊர் பூரா என்னையக் கேக்கு. எனக்கு என்ன தெரியும்? ஆடுனதும் ஒண்ணும் நெனவு இருக்காது.”

எனக்கு வழி தெளிவாகத் தெரிந்தது. ‘உன் வீட்டைத்தான் சொன்னது’ என்றால் போதும். அவன் நம்புவான். ஊர் நம்பும். சாமி சொன்னதை அவன் வீட்டில் யாரும் மறுக்கமாட்டார்கள். சொல்ல வாயெடுத்தேன்.

பேச்சி முந்திக்கொண்டாள். “ஒரு வீட்டையும் சொல்லல தம்பி. சொல்லுததுக்குள்ள மேளத்த அடிச்சுட்டானுவ.”

நான் வாயை மூடிக்கொண்டேன்.

சொள்ளமுத்து துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டான். பிறகு தன் வலது உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தான்.

“ஒண்ணு மட்டும் நெனவு இருக்கு மதினி. அது கூட நெனவு இல்ல, கையில இருக்கு. இதத் தூக்குனேம்லா, அப்ப இது நெஞ்சு அடிச்சுது. எத்தன பேரு முதுகு தேச்சிருக்கேன், நெஞ்சு தேச்சிருக்கேன். வெளக்கெண்ண வியாபாரிலருந்து ஜட்ஜ் வரைக்கும். இப்பிடி ஒரு அடி கையில பட்டதில்ல. காலைல பல்லு வெளக்கும்போதும் அடிச்சுக்கிட்டு இருக்கு.”

பேச்சி முயலைத் திரும்பிப் பார்த்தாள்.

“சாமி சொல்லிச்சுன்னு நான் சொல்லமாட்டேன். நாந்தான் கேக்கேன். எனக்குக் குடுக்கியளா?”

“சுப்பம்மா என்ன சொல்லுவா?” சுப்பம்மா அவன் பெண்சாதி.

“ஏசுவா. எதுக்குத்தான் ஏசல?”

பேச்சி எழுந்துபோய் முயலைப் பிடித்துவந்தாள். அதற்கு என்ன போடவேண்டும், என்ன போடக்கூடாது என்று சொன்னாள். அறுகம்புல், அகத்திக்கீரை, கொத்தமல்லித் தண்டு. முட்டைக்கோசு காட்டிப் பழக்கவேண்டாம். காதைப் பிடித்துத் தூக்கக்கூடாது. மழைத்தண்ணியில் விடக்கூடாது. சொள்ளமுத்து ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினான். துண்டில் முயலைச் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு, ஆற்றுப் பக்கம் போகிற பாதையில் இறங்கினான். தோளுக்குப் பின்னால் ஒரு காது மட்டும் தெரிந்தது.

ஏஜெண்டு வந்தார். வளவைச் சுற்றிப் பார்த்தார். நாலு கால் எதையும் காணாமல் கொஞ்சம் ஏமாந்த மாதிரி இருந்தது. என் அறையை மட்டும் விட்டுவிட்டு மற்றதைப் பூட்டிக்கொண்டு போனார். மாடசாமியின் முதுகு ஒரு வாரத்தில் சரியாயிற்று. சொள்ளமுத்து எண்ணெய் தேய்க்கிறதை நிறுத்தவில்லை. மாடசாமியும் பேச ஆரம்பித்தான்.

புரட்டாசியில் நான் தென்காசி திரும்ப மூட்டை கட்டிக்கொண்டிருந்தேன். பேச்சி ஆற்றுப் பக்கமிருந்து வந்தாள். முந்தானையில் கொண்டுபோயிருந்த கொத்தமல்லித் தண்டு அப்படியே திரும்ப வந்திருந்தது.

“என்ன, பாத்தியா?”

“எங்கனய்யா பாக்க? அந்தச் சுப்பம்மா வாசல்ல நிக்கா. ‘இப்பத்தான் தின்னுட்டுத் தூங்குது மதினி, எழுப்பாதிய’ங்கா. நான் சாயங்காலம் வரணுமாம்.” முந்தானையை உதறினாள். “யாரு மொசல யாருகிட்டச் சொல்லுதா பாருங்க.”

குரங்கையும் வெள்ளையடிக்கிறவனையும் விளக்குமாற்றால் சமாளித்த பேச்சிக்கு, அன்று உண்மையாகவே கோபம். கொத்தமல்லித் தண்டை ஒரு செம்புத் தண்ணீரில் நிறுத்திவைத்தாள், வாடாமல் இருக்க. சாயங்காலம் மறுபடி போகவேண்டும்.